கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள்

சாகும் எண்ணத்தோடு தவிப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய அமைப்பு சமாரிட்டன்ஸ். அழைப்பவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது வெளியே போகாது. அறிவுரை கிடையாது, கண்டிப்பு கிடையாது. மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் இந்த வழியில் வந்ததுதான்.

அந்த சமாரிட்டன்ஸ் 2014 அக்டோபர் 29 அன்று ‘ரேடார்’ என்றொரு செயலியை வெளியிட்டது. ட்விட்டரில் நீங்கள் பின்தொடர்பவர்களில் யாராவது தனிமை அலுத்துவிட்டது என்றோ, என்னையே எனக்குப் பிடிக்கவில்லை என்றோ, யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது என்றோ எழுதினால், செயலி அதைக் கண்டுபிடித்து உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். நண்பருக்கு மனம் சரியில்லை, போய் விசாரியுங்கள் என்பது அதன் பொருள். எழுதியவருக்கு மட்டும் எந்தத் தகவலும் போகாது. தன் எழுத்து இரவுபகலாகச் சலிக்கப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. மனநோயோடு வாழ்பவர்கள்தான் முதலில் குரல் கொடுத்தார்கள். என்னைப் பின்தொடர்பவர்கள் எல்லாரும் என் நண்பர்கள் என்று யார் சொன்னது? அடித்துத் துரத்திய கணவன் இருக்கிறான், அலுவலக மேலாளர் இருக்கிறார், நான் தளர்ந்து விழும் நேரத்துக்காகவே காத்திருந்து வசைபாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எப்போது பலவீனமாக இருக்கிறேன் என்பதை நீங்களே மணியடித்து அவர்களுக்கு அறிவிக்கிறீர்களே என்று கேட்டார்கள். பலர் தங்கள் கணக்கைப் பூட்டிக்கொண்டார்கள். சமாரிட்டன்ஸின் முதல் பதில் இப்படி இருந்தது: ட்வீட்டுகள் எல்லாரும் பார்க்கும்படிப் பொதுவில்தானே இருக்கின்றன? ஆனால் நவம்பர் 7 அன்று செயலி நிறுத்தப்பட்டது. அடுத்த மார்ச்சில் முற்றாகக் கைவிடப்பட்டது.

அந்த முதல் பதில்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அதைச் சொன்னது லாபத்துக்கு நடக்கும் நிறுவனமாக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஒருவர் சொன்ன ஒரு சொல்கூட வெளியே போகாது என்று அறுபது ஆண்டுகள் வாக்கைக் காப்பாற்றிய அமைப்பு அதைச் சொன்னது. தொலைபேசியில் வந்தால் ரகசியம், திரையில் வந்தால் பொதுச்சொத்து என்ற பிளவு அவர்களுக்குள்ளேயே எப்படி நேர்ந்தது? அவர்கள் எண்ணத்தில் கெடுதல் இல்லை. உயிரைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நம்பிக்கை முழுதாக இருக்கும்போது, எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே தோன்றாமல் போய்விடுகிறது. மனநல ஆய்வுலகில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடந்துவருவதும் இதுதான். ரேடாருக்கு எழுந்த எதிர்ப்பு அங்கே எழாததற்குக் காரணம், அங்கே மின்னஞ்சல் யாருக்கும் போவதில்லை. ஆய்வுக்கட்டுரை மட்டும் வெளியாகிறது.

அந்த ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையைச் சொல்கிறேன். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோப்பர்ஸ்மித், ட்ரெட்ஸே, ஹார்மன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிபோட்டது. மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ தனக்கு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார் என்று யாரெல்லாம் ட்விட்டரில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவது. அப்படி எழுதியவரின் பழைய பதிவுகளையும் சேர்த்து வாரிக்கொள்வது. நோய் உள்ளவர் எழுத்து இப்படி இருக்கும், இல்லாதவர் எழுத்து அப்படி இருக்கும் என்று கணினிக்குப் பழக்குவது. நுட்பமான வேலைதான். ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு வரவழைத்துச் சோதிக்கும் செலவு இதில் இல்லை.

ஆனால் அந்த வலையில் சிக்குவது யார்? நோயை மறைத்து வைத்திருப்பவர் சிக்க மாட்டார். வேலை போகும், வரன் அமையாது, உறவினர் கிசுகிசுப்பார்கள் என்ற பயத்தையெல்லாம் மீறி, ஆமாம், எனக்கு இந்த நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஊரறியச் சொன்னவர்தான் சிக்குவார். அவருடைய துணிச்சல்தான் அங்கே கொக்கி. மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நாம்தான் மேடைதோறும் சொல்லிவருகிறோம். அதை நம்பிப் பேசியவர்களைத்தான் முதலில் அள்ளிக்கொள்கிறோம்.

பிறகு அளவு பெருகியது. கோவிட் தொடங்கிய காலத்தையொட்டி, ரெடிட் என்ற இணையத்தளத்தின் மனநலக் குழுக்களிலும் வேறு சில குழுக்களிலும் மக்கள் எழுதியவற்றைத் திரட்டிய ஓர் ஆய்வில் 8,26,961 பேரின் எழுத்து இருந்தது. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொள்வதற்காக உருவான குழுவும் இத்தகைய திரட்டுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. நமக்கும் இதில் பங்கு உண்டு. 2022இல் கணினிமொழியியல் மாநாடு ஒன்றையொட்டி, சென்னைக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்கள் முன்னின்று ஒரு போட்டி நடத்தினார்கள். ரெடிட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதிவுகளைப் படித்து, எழுதியவருக்கு மனச்சோர்வு இல்லை, மிதமாக இருக்கிறது, கடுமையாக இருக்கிறது என்று கணினி மூன்றாகப் பிரிக்க வேண்டும். எந்த அணியின் நிரல் துல்லியமாகப் பிரிக்கிறதோ அதற்கு முதலிடம். கணினித் துறையில் இப்படிப் போட்டி வைப்பது வாடிக்கை. இதை மட்டும் தனியாகக் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனாலும் ‘கடுமை’ என்று முத்திரை விழுந்த பதிவை எழுதியவர் அன்று இரவு எப்படி இருந்தார், மறுநாள் இருந்தாரா என்று கேட்பதற்கு அந்தப் போட்டியின் அமைப்பில் இடமே இல்லை.

இவை எதுவும் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. அமெரிக்காவின் ஆய்வு விதிகளின்படி, ஆய்வாளர் ஒருவரோடு நேரடியாகத் தொடர்புகொள்ளாமல், அவருடைய அந்தரங்கத் தகவலையும் எடுக்காமல் இருந்தால், அவர் ‘ஆய்வுக்கு உட்பட்ட மனிதர்’ என்ற கணக்கிலேயே வரமாட்டார். பொதுவில் உள்ள பதிவு அந்தரங்கம் ஆகாது. ஆகவே நெறிக்குழு அதைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும், பொதுவில் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்குத் தர இடமளிக்கின்றன. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஒருவர் தானே பொதுவில் வைத்த தனிநபர் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: தன் கருத்துகளை எழுதும்போது ஒரு பெண் தன் சொந்தத் தகவல்களைச் சமூக ஊடகத்தில் பொதுவில் வைத்திருக்கிறார், அவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

சட்டத்துக்கு இரண்டே அறைகள்தான் தெரியும்: பொது, அந்தரங்கம். மனிதர்கள் வாழ்வது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். கூட்டம் நிறைந்த சன்னிதியில் ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். சுற்றிலும் நூறு பேர் இருப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல் நகர்வார்கள், அல்லது வயதான அம்மா ஒருவர் அருகில் போய்த் தோளைத் தொடுவார். ஒருவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினால், பொது இடம்தானே என்று யாரும் சும்மா விடமாட்டார்கள். ஹெலன் நிசென்பாம் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 2004இலிருந்து வலியுறுத்திவருவது இதைத்தான். ஒரு தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டதோ அந்தச் சூழலின் ஒழுங்கை மீறி அதை வேறிடத்துக்குக் கொண்டுபோவதே அந்தரங்க மீறல். எத்தனை பேர் காதில் அது விழுந்தது என்பது இரண்டாம் கேள்வி.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணம் அவர்களுக்குக் கிடைத்த பதில்கள்தான்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்விக்கழகத்தின் ஜேம்ஸ் ஹட்சனும் ஏமி ப்ரக்மனும் இணைய அரட்டை அறைகளுக்குள் நுழைந்து, உங்கள் உரையாடலை ஆய்வுக்காகப் பதிவுசெய்கிறோம் என்று அறிவித்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவுகளின்படி, அப்படி அறிவித்தபோது 63 சதவீத அறைகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எதுவும் சொல்லாமல் போய் நின்ற அறைகளில் இது 29 சதவீதம். விருப்பமுள்ளவர் மட்டும் சேரலாம் என்று கேட்டபோது 766 பேரில் இசைந்தவர்கள் 4 பேர்.

இன்னொன்று, 2017இல் ஆண்ட்ரூ ரீஸும் கிறிஸ்டோஃபர் டான்ஃபோர்த்தும் வெளியிட்ட இன்ஸ்டாகிராம் ஆய்வு. 166 பேரின் ஏறத்தாழ 44 ஆயிரம் படங்களைக் கொண்டு, மனச்சோர்வு உள்ளவர்களின் படங்களில் நீலமும் சாம்பலும் இருட்டும் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். உலகமெங்கும் நாளிதழ்கள் அந்த நீலத்தைப் பற்றி எழுதின. அவர்கள் முறையாக ஒப்புதல் கேட்டவர்கள். அதற்காக அவர்களை மதிக்க வேண்டும். கேட்டபோது நடந்ததையும் கட்டுரையில் நேர்மையாகப் பதிந்திருக்கிறார்கள். கேள்விகளுக்குப் பதிலளித்த சுமார் 500 பேரில் 43 சதவீதத்தினர், எத்தனை உறுதிமொழி தந்தும், தங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்க்கவிட மறுத்துவிட்டார்கள். என் மனத்தில், அந்த ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு இந்த 43தான். எந்த நாளிதழும் அதைத் தலைப்பில் போட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்டால் மறுக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒப்புதல் பெறுவது நடைமுறையில் கைகூடாது, எனவே அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு ஆய்வைத் தொடரலாம் என்பது ஒன்று. ஹட்சனும் ப்ரக்மனும்கூடப் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கேள்விக்குப் பதில் கிடைக்காதபோதுதான் கேட்பது கைகூடவில்லை என்று சொல்ல முடியும். இங்கே பதில் தெளிவாகக் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்பதும் பதில்தான். மற்ற துறைகளைவிட மனநலத் துறைக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மனநோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் ‘வேண்டாம்’ நோயின் அறிகுறியாக மட்டுமே படிக்கப்பட்ட நெடுங்காலம் ஒன்று அந்தத் துறைக்குப் பின்னால் கிடக்கிறது. கட்டிப்போட்ட சங்கிலிகள் அந்தக் காலத்தவை. ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டில் மூண்ட தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நாம் மறந்துவிட முடியாது. ஒரு பதிவை எடுத்துக்கொள்வதும் ஓர் உடலைக் கட்டிப்போடுவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும், இவர்களிடம் கேட்க வேண்டியதில்லை என்ற ஒரே நினைப்பு வேலை செய்கிறது.

பெயரை எடுத்துவிட்டுத்தானே பயன்படுத்துகிறோம் என்பது ஆய்வாளர்கள் அடுத்துச் சொல்வது. 2018இல் ஜான் அயர்ஸும் உடன் ஆய்வாளர்களும் ட்விட்டரைப் பயன்படுத்திய நலவாழ்வு ஆய்வுகளை எடுத்துச் சோதித்தார்கள். 72 சதவீதக் கட்டுரைகளில் யாரோ ஒருவரின் ட்வீட் ஒன்றாவது அப்படியே மேற்கோளாக வந்திருந்தது. அந்த வரிகளைத் தேடியபோது 84 சதவீத நேரம் எழுதியவர் கிடைத்துவிட்டார். பெயர் இல்லை, ஊர் இல்லை. அவர் சொன்ன வாக்கியமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

தமிழ் இலக்கணத்துக்கு இது பழைய செய்தி. அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. காதலும் பிரிவும் எல்லாருக்கும் உரியவை. இன்னாருடையவை என்று சுட்டியதும் அவை அகம் என்ற எல்லையைத் தாண்டிவிடும். பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதுமா என்ற கேள்விக்கும் மரபில் விடை உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடை முழுக்கப் பிரிவின் பாட்டு. அரண்மனையில் வாடைக்காலத்தில் உறக்கம் வராத தலைவி, பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் தலைவன். எவர் பெயரும் அதில் இல்லை. ஆனால் ஓரிடத்தில் வேலின் தலையில் வேம்பு சூட்டியிருப்பதாக வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் தலைவன் யாரென்று தெரிந்துவிடுகிறது, ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். 188 அடிகளில் ஒரு வேம்பு. ஒருவர் தன் வேதனையைச் சொல்லும்போது எத்தனை வேம்புகளை உதிர்த்துவிட்டுப் போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்: மருத்துவமனை வராந்தாவின் நிறம், அம்மா திட்டும் வார்த்தை, மாத்திரையின் பக்கவிளைவு, எழுதிய நேரம்.

அனெட் மார்க்கம் என்ற ஆய்வாளர் 2012இல் ஒரு வழியை முன்வைத்தார். பலரின் பேச்சிலிருந்து ஒருவரையும் சுட்டாத பொதுக்குரலை ஆய்வாளரே புனைந்து எழுதலாம். அப்படிப் புனைவதுதான் அறம் என்றார். அறிவியல் உலகம் அதைத் தயக்கத்தோடுதான் பார்த்தது. தரவைப் புனைவது அங்கே பெரும்பாவம். நம் அகமரபோ அந்தப் பொதுக்குரலைத்தான் தலைவி, தோழி, செவிலி என்று பிரித்துவைத்துப் பல நூற்றாண்டுகள் உண்மையைச் சொல்லிவந்தது. இங்கிருக்கும் ஆய்வாளர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்தியாவுக்கு என்று ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவர் சொன்னதை ரகசியமாகக் காக்கும் கடமையைப் பிரிவு 23இல் மருத்துவர்மீது சுமத்துகிறது. நல்ல சட்டம். ஆனால் மருத்துவர் என்ற ஒருவர் இருந்தால்தானே அந்தக் கடமைக்கு ஆள் இருக்கும்? மருத்துவரிடம் போக வசதியோ துணிவோ இல்லாமல், நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியில் யாரோ முகந்தெரியாத பத்துப் பேரிடம் எழுதுகிறவருக்கு, அந்தத் திரைதான் மருத்துவர் அறை. அதே வாக்கியத்தை ஆலோசனை அறையில் கட்டணம் கட்டிச் சொன்னவருக்கு ரகசியம் உரிமையாகிறது. கட்டணம் கட்ட முடியாதவருக்கு அது திறந்த தரவாகிறது. சிகிச்சை மறுக்கப்பட்டவர்களின் பேச்சுத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கிறது.

ஆய்வே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. 2022இல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் கணக்கு. யார் எப்போது விளிம்புக்கு வருகிறார்கள் என்பதை முன்கூட்டி அறிவதில் மருத்துவம் இன்றும் தடுமாறுகிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம் கேட்டு, இசைந்த 683 பேரின் ஃபேஸ்புக் எழுத்தையும் மருத்துவப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் 114 பேருக்கு மனச்சோர்வு பதிவாகியிருந்தது. அது பதிவேட்டில் ஏறுவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர்கள் எழுத்தில் சாயல் தெரிந்திருக்கிறது. தூக்கிப் போடக்கூடிய அறிவல்ல இது. ஆனால் கேட்டுப் பெற்ற 683 பேரிலிருந்து கிடைத்த அறிவு.

கேட்டுப் பெறுவதற்கு வேறு வழிகளும் உருவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் ‘அவர்டேட்டாஹெல்ப்ஸ்’ என்ற முயற்சி, விரும்புகிறவர்கள் தங்கள் சமூக ஊடகப் பதிவுகளை ஆய்வுக்குக் கொடையாகத் தர வழிசெய்தது. இரத்ததானம்போல் தாமே முன்வந்து தருகிறார்கள். அப்படி வந்த பதிவுகளை 2021இல் ஓர் ஆய்வுப் போட்டிக்குப் பயன்படுத்தியபோது, தரவை யாரும் தங்கள் கணினிக்கு எடுத்துப் போக முடியாதபடி ஒரு பூட்டிய வளாகத்துக்குள் வைத்து, அதனுள்ளேயே நிரல்களை ஓடவிட்டார்கள். வேகம் குறையும், எண்ணிக்கை சுருங்கும். கொடுக்க முன்வருகிறவர்களும் மறுப்பவர்களும் ஒரே மாதிரி மனிதர்கள் அல்ல என்பதால் முடிவுகளில் சாய்வும் சேரும். இந்த இழப்பைச் சிறியதென்று நான் தள்ளவில்லை. புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் எல்லாரும் இதே இழப்பை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். நோயாளி உறங்கும்போது ஊசி போட்டுவிடலாம் என்று அவர்களில் யாரும் இன்று வாதிடுவதில்லை.

அந்தக் கொடையிலும் எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. தற்கொலையால் இறந்தவர்களின் கணக்குகளை அவர்களின் குடும்பத்தினரும் தரலாம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்ற தவிப்பில்தான் தருகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது. ஆனால் இறந்தவர், வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்றே சிலவற்றை அங்கே எழுதியிருக்கலாம். வீட்டிலிருந்து தப்பிக்கவே அங்கே போயிருக்கலாம். அவருக்குப் பதில் எழுதிய நண்பர்களின் வார்த்தைகளும், அவர்களின் சொந்த இருட்டோடு, அதே கணக்கில் பின்னிக் கிடக்கின்றன. அந்த நண்பர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடம் இன்னும் கேட்க முடியும்.